நீலச் சதுரம்

எங்கள் வீடு எனக்குச் செய்தி அனுப்பும். வேலை முடிந்து ரயிலில் நின்றுகொண்டிருப்பேன். "வரவேற்பறை வெப்பம் பதினாறு பாகை" என்று கைத்தொலைபேசி அறிவிக்கும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அங்கே வியர்த்தால் கதவைத் திறப்போம், அவ்வளவுதான்.

நோர்வேயில், ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் மனைவி மலரும் வாடகைக்கு இருக்கிறோம். மேல்தளத்தில் வீட்டுக்காரர், பெரித் என்ற அம்மா. சூடாக்கியைத் தானாகவே ஏற்றி இறக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டை நான் வாங்கியது மலரின் விரல்களுக்காக. வந்த புதிதில் இருவரும் நாட்டின் வடக்கே, பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ஐஸ் தண்ணீரில் கிடந்த மீனை நாள் முழுக்கப் பிடித்து வெட்டிய கை அவளுடையது. இன்றைக்கும் கொஞ்சம் குளிர்ந்தால் விரல்கள் வெளிறி மரத்துவிடும். சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. அவள் வேலையால் வரும்போது வீடு சூடாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சுவரில் வயரோடு பொருத்தும் வகைதான் திறம் என்றார் கடைக்காரர். அதற்கு மின்பணியாளர் வர வேண்டும், பெரித்திடம் அனுமதி கேட்க வேண்டும். நாங்களோ ஐந்து வருடமாகச் சுவரில் ஒரு ஆணி அடிக்காமல், எதையும் கேட்காமல் இருப்பவர்கள். வாய் திறக்காத குடித்தனக்காரரை யாரும் வீட்டை விட்டு எழுப்ப மாட்டார்கள் என்பது என் நினைப்பு. ஆகவே மின் சொக்கெட்டில் செருகி, வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகக்கூடிய பெட்டியை எடுத்தேன். அதைக் கைத்தொலைபேசியோடு இணைத்து முடிப்பதற்குள் இரண்டு தேநீர் ஆறிப்போனது.

காலையில் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. மாலையில் மலர் சமைக்கத் தொடங்கினால் சூடாக்கி நின்றுவிடும். கைத்தொலைபேசித் திரையில் ஒரு நீலச் சதுரம் மினுங்கும்.

"இஞ்சேருங்கோ, பழையபடி இருந்ததே பறவாயில்லை. பெரித்திட்டை ஒருக்கால் கேளுங்கோவன்," என்றாள் மலர், கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு.

"கேட்டால் வீட்டை விடச் சொல்லுவா. பேசாமல் இரும்," என்றேன். அதை நினைக்க இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் மாலை எங்களுக்கு வந்த கடிதம் ஒன்றைத் தர பெரித் இறங்கி வந்தார். அடுப்பில் செத்தல் மிளகாய் பொரிந்துகொண்டிருந்தது. வெளியே உறைபனி, சமையலறை ஜன்னல் அகலத் திறந்திருக்க, மலர் தடித்த மேலங்கியோடு நின்றாள்.

"ஏன் ஜன்னல் திறந்திருக்கிறது?" என்று கேட்டார் பெரித்.

"மணம் மேலே வரக்கூடாதென்று," என்றாள் மலர்.

"அடுப்புக்கு மேலே காற்று இழுக்கும் விசிறி இருக்கிறதே?"

"நாங்கள் வந்த நாளிலிருந்து அது ஓடுவதில்லை."

பெரித்தின் முகம் சிவந்தது. "இது இப்படியே தொடர முடியாது," என்றுவிட்டு மேலே போய்விட்டார். வீடு போச்சு என்று நினைத்தேன். உடனேயே ஒஸ்லோவின் தெற்கே பியோர்ண்டாலில் இருக்கும் நண்பரை அழைத்து, அந்தப் பக்கம் ஏதும் வீடு இருந்தால் பார்க்கச் சொன்னேன்.

மறுநாள் பெரித் மின்பணியாளரோடு வந்து நின்றார். "ஐந்து வருடம்! இதைத் திருத்துவது என் பொறுப்பு. நீங்கள் ஏன் சொல்லவில்லை?" அவருடைய கோபம் முழுவதும் தன்மேல்தான். விசிறி ஓடத் தொடங்கியதும் தயங்கித் தயங்கி நீலச் சதுரத்தையும் காட்டினேன். மின்பணியாளர் பார்த்துச் சிரித்தார். அது ஜன்னலாம். அறை திடீரென்று குளிர்ந்தால், யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள் என்று பெட்டி சூட்டை நிறுத்திவிடுமாம். பெரித்துக்குப் பயந்து திறந்த ஜன்னலால் மலரின் விரல்களை நானே உறைய விட்டிருக்கிறேன். கேட்டால் துரத்துவார்கள் என்று நான் பயந்த இந்த நாட்டில், கேட்கவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டார். அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன பங்குனியில் தங்கை மகளின் கலியாணத்துக்கு நான் மட்டும் யாழ்ப்பாணம் போனேன். மலருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் தங்கை வீட்டில் வியர்த்து வழிய இருந்தபோது கைத்தொலைபேசியில் நீலச் சதுரம் மினுங்கியது. ஒஸ்லோவில் அது மத்தியானச் சமையல் நேரம். புது விசிறி ஓடினாலும் மிளகாய் பொரியும்போது மலரின் கை பழக்கத்தில் ஜன்னலுக்குப் போய்விடும்.

"என்னண்ணை, தனியச் சிரிக்கிறியள்?"

"வீட்டிலை மிளகாய் பொரிபடுது."

தங்கை குசினியை எட்டிப் பார்த்தாள். "இஞ்சை அடுப்பிலை தேத்தண்ணி மட்டுந்தானே கிடக்கு?"

ஜன்னலைச் சாத்தியதும் சூடு ஏறட்டும், மலரின் விரல்கள் குளிருமே என்று இரண்டு பாகை கூட்டினேன். நெற்றி வியர்வை திரையில் சொட்டியது. துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன்.