மூன்றாவது கைப்பிடி

பேய் பிசாசை நம்புகிறவர்கள் எங்கள் தொழிலுக்கு வரவே கூடாது. மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் இருக்கிற பழைய வீடுகளை உடைத்து, பாத்ரூம் மாற்றி, சமையலறை மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் குடும்பத்துக்குப் பிழைப்பு. மாமனார் ஆரம்பித்தது, இப்போது என் கணவர் குமரனும் நானும் பார்க்கிறோம். ஆள் இறந்துபோன அறைகளில் எத்தனையோ தடவை தனியாக நின்று டேப் பிடித்து அளந்திருக்கிறேன். ஒரு வீட்டில் தூக்கு மாட்டிக்கொண்ட கொக்கியை நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன், அன்றைக்கு மத்தியானம் அதே அறையில் உட்கார்ந்து தயிர் சாதமும் சாப்பிட்டேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருப்பேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த சாமான்கள், பூஜை முடிந்து முதலில் தொடுகிற வேலை கூலி வாங்காத வேலையாக இருக்க வேண்டும். மாமனார் வைத்த சட்டம். அதற்காக வருஷா வருஷம் எங்கள் தெருவில் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். எது என்று தெருக்காரர்களே வாட்ஸ்அப் குரூப்பில் பேசி முடிவு செய்வார்கள், எங்களைக் கேட்கக்கூட மாட்டார்கள். ஒரு வருஷம் பால்வாடிக்குத் தரை போட்டோம், இன்னொரு வருஷம் இஸ்திரி போடுகிறவர் வீட்டுக்குக் கூரை மாற்றினோம். இதில் எனக்குப் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. தீபாவளிக்குள் பெயின்ட் அடித்துக்கொடு என்று ஊரே எங்கள் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில்தான் இது வந்து சேரும்.

அந்த வருஷம் சாரதா டீச்சர் வீடு வந்தது. எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் நாலாவது வீடு. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆனவர், என் பையனுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு தலையில் ஏறியது அவர் புண்ணியத்தில்தான். வீட்டில் அவரும் கணவர் ராமநாதன் சாரும் மட்டும். சாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, உயிருக்குப் பயமில்லை, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் பாத்ரூமோ பழைய காலத்து வழுக்குத் தரை, கீழே உட்காருகிற மாதிரி. அதை மாற்றி வெஸ்டர்ன் வைத்து, சொரசொரப்பான டைல்ஸ் போட்டு, சுவரில் இரண்டு ஸ்டீல் கைப்பிடி பொருத்த வேண்டும். ஒன்று உட்காரும் இடத்தில், ஒன்று குளிக்கும் இடத்தில்.

கைப்பிடி எந்த உயரத்தில் வைப்பது என்பதற்குப் புத்தகத்தில் ஓர் அளவு இருக்கிறது. நாங்கள் அதைப் பார்ப்பதில்லை. யார் பிடிக்கப்போகிறாரோ அவரை உட்காரவைத்து, கையை நீட்டச் சொல்லி, கை தானாகப் போய் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போடுவோம். அப்படி அளந்து வைத்த கைப்பிடியைப் பிடித்து யாரும் விழுந்தது கிடையாது. சார் ஆஸ்பத்திரியில் இருந்ததால் இந்தத் தடவை குத்துமதிப்பாகத்தான் வைக்க வேண்டும், அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

புதன்கிழமை மத்தியானம் டைல்ஸ் வேலை முடிந்திருந்தது. டீச்சர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். எங்கள் மேஸ்திரி ஏழுமலை டிரில்லின் முனையில் மாட்டுகிற புது பிட்டு வாங்கக் கடைக்குப் போனார். அடுத்தவர் வீடு என்பதால் நான் வாசல் கிரில்லை உள்பக்கம் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். பாத்ரூமில் குந்தி உட்கார்ந்து, முப்பத்து மூன்று அங்குலத்தில் வைக்கலாமா, சார் உயரமான ஆளாயிற்றே, இன்னும் மேலே வைக்கலாமா என்று எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது படுக்கையறையிலிருந்து சார் வந்தார்.

வேட்டியும் பனியனும், தோளில் துண்டு, எப்போதும் பார்க்கிற மாதிரிதான். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, இடது கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். எனக்குப் பயமே வரவில்லை. இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது, பார்த்தீர்களா, வேலை முடியுமுன் கொண்டுவந்து விட்டுவிட்டு இந்த டீச்சர் எங்கே போனார் என்று மனதுக்குள் திட்டத்தான் திட்டினேன். கூடவே ஒரு சந்தோஷம், நல்லவேளை ஆளே வந்துவிட்டார், அளவு எடுத்துவிடலாம் என்று.

"எங்க சார் வேணும்?" என்று கேட்டேன்.

அவர் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். நான் நினைத்ததைவிட ஆறு அங்குலம் கீழே போய் நின்றது கை. "இங்க" என்றார். கோடு போட்டேன். குளிக்கிற இடத்துக்கும் அப்படியே காட்டினார், கோடு போட்டேன். பேச்சு போனவர் பேசுகிறாரே என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

பிறகு அவர் எழுந்து சமையலறைப் பக்கம் போனார். விழுந்துவிடப் போகிறாரே என்று நானும் பின்னாலேயே போனேன். சமையலறையைத் தாண்டி வாஷிங் மெஷின் வைத்திருக்கிற இடத்துக்கு ஒரு படி இறங்க வேண்டும். அந்தப் படிக்குப் பக்கத்துச் சுவரில் கையை வைத்தார்.

"இங்க ஒண்ணு போட்டுடும்மா. சாரதாவுக்கு."

அந்த இடம் எங்கள் வேலையிலேயே கிடையாது. இருந்தாலும் கேட்கிறாரே என்று அவர் விரல் பட்ட இடத்தில் ஒரு கோடு போட்டேன். "சரி சார், நீங்க போய்ப் படுங்க" என்றேன். அவர் படுக்கையறைக்குப் போனார். நான் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஏழுமலை கூப்பிட்டார். போய்ப் பூட்டைத் திறந்துகொண்டே, "சார் வந்துட்டாரு, சத்தமில்லாம டிரில் போடணும்" என்றேன்.

"எப்டிக்கா வந்தாரு? பூட்டு போட்டுக்கினு இருந்தியே" என்றார் ஏழுமலை.

சாவி என் கையில்தான் இருந்தது. திரும்பிப் படுக்கையறைக்கு ஓடினேன். படுக்கையறையில் யாரும் இல்லை, கட்டில்மேல் பழைய பேப்பர் விரித்து, பாத்ரூம் சாமான்களை எல்லாம் அடுக்கி வைத்திருந்தோம், அதில் ஒருவர் படுக்கவே முடியாது. டீச்சருக்குப் போன் போட்டேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "சார் எப்படி இருக்கார் டீச்சர்?" என்றேன்.

"இங்கதாம்மா படுத்துண்டிருக்கார். கண்ணைத் திறக்காமயே இவ்வளவு நாழி இடது கையைத் தூக்கித் தூக்கி எதையோ பிடிக்கற மாதிரி பண்ணிண்டிருந்தார். இப்பதான் அசந்து தூங்கறார். ஏன், வேலை முடிஞ்சுடுத்தா?"

"முடிஞ்சிடும் டீச்சர்" என்று வைத்துவிட்டேன்.

சார் மூன்றாவதாக ஓர் இடம் கேட்டதுவரை எல்லாவற்றையும் ஏழுமலையிடம் சொன்னேன். அவர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "காலைலர்ந்து சாப்டாம கீற, பித்தம் தலைக்கு ஏறிக்கிச்சு, அவ்ளோதான். போய் ரெண்டு இட்லி துன்னு வா" என்றார். இருக்கலாம் என்று நானும் நினைத்தேன். பாத்ரூமில் இரண்டு கைப்பிடியையும் அந்தக் கோட்டிலேயே பொருத்தச் சொன்னேன், அளவு மாற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது கோடுதான் என்னைப் படுத்தியது. ராத்திரி குமரனிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அந்தம்மாகிட்டப் போயி, நீங்க விழப்போறீங்கன்னு சொல்லுவியா? தர்மத்துக்குச் செய்யிற வேலையில அபசகுனமாப் பேசாத சித்ரா" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் நானே போய் ஈரத்துணியால் அந்தக் கோட்டைத் துடைத்தேன். துடைத்தும் மனசு ஆறாமல் ஏழுமலையை விட்டு அந்த இடத்தில் ஒரு கோட்டிங் பெயின்டும் அடிக்கச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாரைக் கூட்டி வந்தார்கள். தெருவே நின்று பார்த்தது. மெலிந்து, முதுகு வளைந்து போயிருந்தார். பாத்ரூமில் உட்காரவைத்ததும் அவர் இடது கை நேராகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தது. அவ்வளவு கச்சிதமாக நான் யாருக்கும் வைத்ததில்லை. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெளியே கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்த்தியதும் சார் என்னைப் பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தார், வெறும் காற்றும் சத்தமும்தான் வந்தது. முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உனக்கு தேங்க்ஸ் சொல்றார் சித்ரா" என்றார் டீச்சர்.

அது தேங்க்ஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையை ஆட்டிவிட்டு வந்தேன், இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கூசுகிறது.

அன்று சாயந்திரமே இன்னொரு கைப்பிடி வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுவிட்டேன். சும்மா ஒன்று மிச்சம் இருந்தது டீச்சர், இங்கே போட்டுவிடுகிறேன் என்று சொல்லி மாட்டிவிட்டால் தீர்ந்தது, சகுனமும் வேண்டாம் சாமியும் வேண்டாம். அரை மணி நேர வேலை. ஆனால் தீபாவளி நெருங்கிவிட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீடு, அடையாறில் இரண்டு வீடு, எல்லோருக்கும் பெயின்ட் உடனே முடிய வேண்டும். ஏழுமலைக்கும் ஓய்வில்லை. நாளைக்கு நாளைக்கு என்று ஒன்பது நாள் அது டிக்கியிலேயே கிடந்தது. தினமும் காலையில் டீச்சர் வீட்டைத் தாண்டித்தான் போவேன், ஸ்கூட்டர் குதிக்கும்போது உள்ளே அது டங்கென்று இடிக்கும்.

பத்தாம் நாள் டீச்சர் சாரைப் பாத்ரூமில் உட்காரவைத்துவிட்டு, மெஷினில் இருந்த துணியை எடுக்கப் போயிருக்கிறார். அந்தப் படியில் சோப்புத் தண்ணீர். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, வழுக்கி விழுந்ததில் பின்னந்தலையில் அடிபட்டுவிட்டது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா பன்னிரண்டு மணிக்கு வந்து பார்க்கிறவரை இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார். பாத்ரூமில் சார் நான் வைத்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, விழாமல், பத்திரமாக உட்கார்ந்திருந்தார். அவரால் எழவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. அந்தம்மா போய்ப் பார்த்தபோது அவர் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்ததாம். டீச்சர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிறகு போய்விட்டார்.

நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்? டீச்சரின் பெண் பெங்களூரிலிருந்து வந்து, நீங்கள் செய்த உதவியை மறக்க மாட்டோம் என்று என் கையைப் பிடித்தாள். கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். குமரன் அதைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை. ஏழுமலை மட்டும் ஒருநாள், "நீ சொன்னப்பவே நான் மாட்டிருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சார் அந்த வீட்டில்தான் இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். பேச்சுப் பயிற்சி கொடுத்து, ஏழெட்டு மாதத்தில் வார்த்தை வர ஆரம்பித்தது. ஒருநாள் பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள், வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், நானே போனேன். குழாயைச் சரிசெய்துவிட்டு அவர் நாற்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இத்தனை நாள் நெஞ்சில் வைத்துப் புழுங்கியதைக் கேட்டே விட்டேன்.

"சார், அன்னைக்கு மத்தியானம் நீங்க இங்க வந்தீங்களா?"

அவர் வார்த்தையைத் தேடித் தேடி எடுத்தார்.

"நான் எங்க வந்தேன்? நீதானே ஆஸ்பத்திரிக்கு வந்தே. கட்டில் பக்கத்துல நின்னுண்டு, பென்சிலை வச்சுண்டு, எங்க சார் வேணும்னு கேட்டே."

அந்த ஆஸ்பத்திரி வாசலைக்கூட நான் மிதித்ததில்லை. கிண்டிக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து போர்டைப் பார்த்ததோடு சரி. அன்றைக்கு ஏழுமலை கடைக்குப் போய்வர எடுத்துக்கொண்டது கால் மணி நேரம், அந்தக் கால் மணி நேரமும் நான் பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்ததாகத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சார் கோபமாகப் பேசவில்லை. பாக்கி வேலையைப் பற்றி ஒரு மேஸ்திரியிடம் விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

"எனக்குச் சொன்னதைப் போட்டுட்டே. அவளுக்குச் சொன்னதை ஏம்மா போடலை?"