அந்தோனி அண்ணனின் வலது செருப்பு

இலங்கையில் புத்தளத்தில் பிறந்தவனுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும்? எங்கள் பக்கம் ஆக உயரமானது உப்பளத்தில் குவித்து வைத்த உப்புதான். அங்கே தில்லையடியில் சைக்கிள் கடை போட்டு தலை நரைத்த நான், இந்தியாவில் போடி மலைப்பாதையைக் கண்டதும் வாயடைத்துப் போனேன். அதை ரோடு என்று சொல்லவே மனம் வரவில்லை.

யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. கற்பிட்டிப் பக்கத்து மீன் வியாபாரி அந்தோனி அண்ணனின் மகன் ரொஷான் இத்தாலியிலிருந்து லீவில் வந்திருந்தான். வாழ்நாள் முழுக்கச் சைக்கிளில் மீன்பெட்டி கட்டி விற்ற தகப்பனை இந்தியாவுக்குச் சைக்கிள் பயணம் கூட்டிப்போக வேண்டும் என்பது அவன் ஆசை. ரிப்பேர் பார்க்க என்னையும் சேர்த்துக்கொண்டான். மதுரையில் ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். பிரேக், செயின், டயர் எல்லாம் நானே செக் பண்ணினேன். ஒரு குறையும் இல்லை.

சமதரையில் அண்ணன் எங்கள் இருவரையும் முந்தினார். "கச்சான் காத்துக்கு எதிரா மிதிச்ச கால் தம்பி இது. மலையில இறங்கக்குள்ள மகனுக்கு முன்னால போய்க் காட்டுறன் பாருங்க" என்பார். அதையேதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏற்றம் தொடங்கியதும் ரொஷான் மிதித்துக்கொண்டு மேலே போய்விட்டான். நாங்கள் இரண்டாவது வளைவிலேயே இறங்கித் தள்ளினோம். எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு வளைவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி வர, ஓரமாக நின்றோம். என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. அண்ணனின் சைக்கிள் பின்னால் வழுக்கி, அவரையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸின் பக்கம் போனது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. வலது செருப்பைப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்தார். நான் பாய்ந்து சீட்டைப் பிடித்தேன். பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது.

"யா அல்லாஹ்! பிரேக்கப் புடிங்க அண்ணன்!"

"நான் அதெல்லாம் புடிக்கிறதில்ல தம்பி. எங்கட சைக்கிளுக்கு ஏது பிரேக்? எல்லாத்தையும் உப்புத் தின்டு போட்டுது. நாப்பது வருஷமாக் கால ஊண்டித்தானே நிப்பாட்டுறன். எங்கட ரோட்டுக்கு அது போதும்."

செருப்பைப் பார்த்தேன். இடதுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது அடிப்பக்கம் கடுதாசி போல் தேய்ந்திருந்தது. அவருக்குப் பின்னாலேயே வந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. இந்த மனிதர்தான் மலையில் முன்னால் இறங்கிக் காட்டப்போகிறாராம்!

"ரொஷானிட்டச் சொல்லப் போறன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிராதீங்க தம்பி. அப்பனுக்குச் சைக்கிள் ஓடவே தெரியாதெண்டு நினைப்பான்."

"உயிர் போனா என்ன நினைப்பான்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் என் கையை விட்டார். மேலே போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் மூச்சு வாங்கியபடி தள்ளினோம்.

உச்சியில் ரொஷான் போனைத் தூக்கிப் பிடித்து நின்றான். அங்கிருந்து அடுத்த பக்கம் இறக்கம். "அப்பா, நீங்க முன்னுக்கு இறங்குங்க. நான் வீடியோ எடுக்கிறன்."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் இறக்கத்தை எட்டிப் பார்த்தார். முதல் வளைவுக்குக் கீழே மர உச்சிகள்தான் தெரிந்தன. பிறகு வலது செருப்பைக் கழற்றி மகனிடம் நீட்டினார்.

"இதுதான் மகன் என்ட பிரேக்."

ரொஷான் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். செருப்பைத் திருப்பிப் பார்த்தான். அடியை விரலால் அமத்த, விரல் மறுபக்கம் வந்தது.

"அப்பா... என்னைச் சைக்கிள் பார்ல வச்சு ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போனதும் இப்படித்தானா?"

"ஓம் மகன்."

ரொஷான் போனைப் பொக்கெட்டில் போட்டான். தகப்பனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, இரண்டு சைக்கிளையும் இரண்டு கையில் பிடித்து, பிரேக்கை விடாமல் நடந்து இறங்கினான். அண்ணன் ஒற்றைச் செருப்போடு அவன் பின்னால் போனார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சைக்கிளைச் செக் பண்ணினால் மட்டும் போதாது, ஓடுகிறவரையும் செக் பண்ண வேண்டும். இன்றைக்கும் என் கடைக்கு யார் சைக்கிள் கொண்டுவந்தாலும் முதலில் நான் பார்ப்பது அவர்களின் செருப்பைத்தான்.