அந்தப் பூத்தில் விழுந்த ஒரே ஓட்டு

எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் எல்லையைப் போட்ட ஆள் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். கிழக்கே காவிரிப் பக்கம் வாய்க்கால் பாயும் மஞ்சள் வயலும் கரும்பும். மேற்கே காங்கேயம் தாண்டினால் கிளுவை வேலி போட்டு, மாடு மேயவென்றே விட்டுவைத்த வறண்ட காடு. மறுசீரமைப்பு என்ற பேரில் இரண்டையும் வெட்டி ஒட்டிவிட்டார்கள். பெண் கொடுத்து எடுக்கிற சம்பந்தம்கூட இல்லாத இரண்டு பக்கத்துக்காரர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சேர்ந்து ஒரே ஆளை டெல்லிக்கு அனுப்புகிறோம். அதற்கப்புறம் அவரை இரண்டு பக்கமும் பார்ப்பதில்லை.

நான் கிழக்குக்காரன். வாய்க்கால் தண்ணீர்த் திமிர் எங்களுக்குக் கொஞ்சம் உண்டு. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே சின்னம்தான். கூட்டணி மாறும்போது நேற்றைய எதிரியோடு அது கைகோக்கும், அடுத்த தேர்தலில் மண்டையை உடைத்துக்கொள்ளும். அப்பா கிளைச் செயலாளர், எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருப்பார். பூத் ஏஜெண்டாக உட்கார்ந்துகொண்டு, ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவன் முகத்தைப் பார்த்தே எதில் குத்தினான் என்று சொல்லிவிடுவார். அவர் முகத்துக்குப் பயந்தே, அரசுப் பள்ளி வாத்தியாராகித் தலை நரைத்த பிறகும் நான் அந்தச் சின்னத்தில்தான் குத்திக்கொண்டிருந்தேன்.

போன நாடாளுமன்றத் தேர்தலில் எனக்கு மேற்குக் கோடியில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் பூத் தலைமை அலுவலர் வேலை. ஊரின் பேர் வேண்டாம். ஓடைக்குப் பாலம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று ஊரே கட்டுப்பாடு போட்டிருந்தது. ஏஜெண்டுகள்கூட வரவில்லை. மாதிரி ஓட்டுகளை நாங்களே போட்டு, அழித்து, மெஷினுக்குச் சீல் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். தூரத்தில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் சேர் போட்டு ஊர்க்காரர்கள் காவல் இருந்தார்கள். அவர்களில் பெரிய மனிதர் ஒருவர் வாசல்வரை வந்து, “ஏனுங்க சார், வெய்யல்ல எதுக்குங்க சிரமம்? ஒருத்தரும் வர மாட்டாங்க. நல்லாப் படுத்துத் தூங்குங்க” என்றார். அத்தனை மரியாதையாக எங்கள் ஊரில்கூட யாரும் என்னிடம் பேசியதில்லை.

கூட இருந்த மற்றவர்கள் பக்கத்துத் தொகுதிக்காரர்கள், தபால் ஓட்டு. நான் ஒருவன்தான் இதே தொகுதி. அப்படிப்பட்டவர்களுக்குத் தேர்தல் பணிச் சான்று என்று ஒரு காகிதம் தருவார்கள். தொகுதிக்குள் எந்தப் பூத்தில் வேலை பார்க்கிறோமோ அங்கேயே ஓட்டுப் போட்டுக்கொள்ளலாம். பதினொரு மணி வாக்கில் எனக்கு ஒரு ஆசை வந்தது. அப்பா இல்லாத பூத். என் முகத்தைப் படிக்க ஆளில்லாத பூத். விரலில் மை வைத்துக்கொண்டு, அட்டை மறைப்புக்குள் போய், வாழ்நாளில் முதல்முறையாக எனக்குப் பிடித்த சின்னத்தில் குத்தினேன். ஒரே ஒரு ஓட்டு விழுந்த பெட்டியில் எதுவும் ரகசியமாக இருக்காது என்பது அப்போது உறைக்கவில்லை. கணக்கு வாத்தியார் நான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்தப் பெரிய மனிதரே ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் பட்டினி கிடக்கக் கூடாதாம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்குகிற பெண்ணை அனுப்பிவைத்தார். காலனியிலிருந்து வந்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறாக்குகிற விதவை. வெங்காயம் நறுக்கும்போது இடது ஆள்காட்டி விரலில் அரிவாள்மனை ஆழமாகப் பட்டு, நகமே பாதி பெயர்ந்துவிட்டது. மை துடைப்பதற்கென்று எங்களுக்குக் கொடுத்திருந்த துணியில் ஒரு துண்டைக் கிழித்து நான்தான் கட்டிவிட்டேன். காலையில் என் விரலைத் துடைத்த ஊதாக் கறை அதில் இருந்தது.

கட்டுப் போட்ட கையோடே பரிமாறினாள். மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதியிருப்பதாகவும் நர்சிங் சேர்க்க ஆசை என்றும் சொன்னாள். ரிசல்ட் வந்ததும் கூப்பிடச் சொல்லி என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் மனதுக்குள் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.

மறுநாள் பேப்பரில், புறக்கணித்த ஊரில் ஒரே ஒரு ஓட்டுப் பதிவு என்று செய்தி வந்தது. மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. எதிரே அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், நல்லா இருக்கீங்களா? அன்னிக்கிச் சாப்பாடெல்லாம் சரியா இருந்துச்சுங்களா?” அந்தப் பெரிய மனிதர்தான். “ஒரு ஓட்டு உழுந்துபோச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்குங்க. ஊர் மானம் போச்சுங்க. அந்தச் சமையக்காரி போட்டாளாங்க? ஆமாவா, இல்லையா, அது மட்டும் சொன்னாப் போதுமுங்க.”

இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, பின்னே யார் என்பது. பூத் வாரியாக ரிசல்ட் வரும்போது அந்த ஒன்று எந்தச் சின்னத்துக்கு என்று ஊர் உலகத்துக்கே தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நான், “யார் போட்டாங்கன்னு சொல்லறது சட்டப்படி தப்புங்க. அதெல்லாம் ரகசியமுங்க” என்றேன்.

“சரிங்க சார். புரிஞ்சுபோச்சுங்க. ரொம்ப நன்றிங்க.”

போனை வைத்த பிறகு அப்பா, “சட்டத்தக் கரெக்டாச் சொன்னடா” என்று மெச்சினார்.

அப்புறம் நடந்ததை அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் ஒரு பயிற்சி வகுப்பில் டீ குடித்துக்கொண்டே சொன்னார். ஊர்க்கூட்டத்தில் அவள் கட்டைப் பிரித்துப் பார்த்தார்களாம். மை நகத்தோடு இருக்குமென்று நகத்தையே வெட்டி எறிந்துவிட்டாள் என்றும், கறை துணியில் ஒட்டியிருக்கிறது என்றும் தீர்ப்புச் சொன்னார்களாம். பள்ளிக்கூடம் திறந்ததும், அவள் கையால் ஆக்கிய சோறு வேண்டாமென்று பிள்ளைகள் தட்டோடு வீட்டுக்குப் போயின. காலனியிலிருந்து ஒருத்தி வந்து சோறாக்குகிறாளே என்று பலருக்கு முன்பே புகைச்சல், இது வாகாகக் கிடைத்துவிட்டது. மளிகைக்கடையில் சாமான் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. அவளாக வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகும்வரை யாரும் கையைக்கூட ஓங்கவில்லை என்று அவர் பெருமையாகவே சொன்னார். நான் இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ரிசல்ட் வந்தபோது அப்பா பூத் பட்டியலை விரல் வைத்துப் படித்துவிட்டு, “எந்தப் புத்தி கெட்ட நாயோ அந்த ஊர்லயும் ஒண்ணு இதுக்குப் போட்டிருக்குது பாரு” என்றார். நானும் சிரித்தேன்.

போன மாதம் வீட்டு விசேஷத்துக்கு எண்ணெய் வாங்கக் காங்கேயம் போயிருந்தேன். ஆலைக்குப் பின்னால் தேங்காய்ப் பருப்புக் காயப்போடும் களத்தில் அவளைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடத்தான் பார்த்தேன், அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். மகள் நர்சிங் சேர்ந்தாளா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

“இல்லீங்க சார், திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறா.”

அந்த ஊர்க்காரர்கள் செய்தது அக்கிரமம் என்றேன். அவள் குனிந்து பருப்பைப் புரட்டிக்கொண்டே பேசினாள்.

“சார் வெரல்ல மை இருந்தத அன்னிக்கிச் சோறு போடறப்பவே பாத்தேனுங்க. நாஞ் சொன்னா அவங்க நம்பமாட்டாங்க. அதனால உங்க நம்பர நான்தானுங்க குடுத்தேன், அந்தச் சாரையே கேளுங்க, சொல்லுவாருன்னு.”

அவள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

“ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனாங்க சார். நானும் பக்கத்துலதான் நின்னேனுங்க.”