கடலை மடித்த பத்தொன்பதாவது ஷரத்து

வில்பிரட் சாரைப் பற்றி நல்ல வார்த்தையில் தொடங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அவரை நினைத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. தாம்பரத்தின் மேல் கோபம், அதைவிட என் மேல் கோபம். இரண்டையும் மறைத்துக்கொண்டு எழுதினால் அது அவரைப் பற்றிய எழுத்தாகவே இருக்காது.

மேற்குத் தாம்பரத்தில் பாட்சா பாயின் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். 1962ல் ஆறு மெஷின்களோடு ஆரம்பித்தார். அவருடைய அப்பா பல்லாவரம் கண்டோன்மெண்டில் குமாஸ்தா. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன பழக்கத்தில் பதினாலு வயதிலேயே அங்கிருந்த பழைய மெஷினில் தட்டக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு வாழ்க்கையில் அவருக்கு வேறு எந்த ஆசையும் வந்ததாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவில், மற்ற ஆறு நாளும் மெஷின். அரசியல் என்றால் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. 1965ல் இந்திக்கு எதிராக ஊரே கொதித்தபோது, வகுப்புக்கு வந்த நாலைந்து பையன்களிடம் அவர் சொன்னது, கோபத்தோடு தட்டினால் எழுத்து அழுத்தமாக விழுந்து ரிப்பன் கெட்டுப்போகும் என்பதுதான்.

அவருக்கும் சேர்த்துக் கீழே பாட்சா பாய் கடையில் அரசியல் நடந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவன் எல்லாம் முதலமைச்சரைத் திட்டுவான், பிரதமரைத் திட்டுவான், பக்கத்தில் நிற்பவன் கட்சியையும் சேர்த்துத் திட்டுவான். திட்டியவன் மறுநாளும் வந்து காற்றடித்துக்கொண்டு போவான். ஜனநாயகம் என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, தாம்பரத்தில் அது இவ்வளவுதான். அது ஒருநாள் இல்லாமல் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

நான் 1968ல் அங்கே மாணவியாகச் சேர்ந்தேன். லோயர், ஹையர் என்ற இரண்டு டைப்ரைட்டிங் பரீட்சையும் முடித்து, எழுபத்தொன்றில் அங்கேயே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

ஹையர் மாணவர்களுக்கு வேகப் பயிற்சிக்கென்று சார் ஒரே ஒரு பத்தியைத்தான் வைத்திருந்தார். அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாவது ஷரத்து. பேச உரிமை, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூட உரிமை, சங்கம் அமைக்க உரிமை என்று ஆங்கிலத்தில் வரிசையாகப் போகும். உரிமைகளின் மேல் சாருக்கு எந்தப் பிரியமும் கிடையாது. அந்தப் பத்தியில் ஏழு உரிமை, அவற்றுக்கு நடுவே ஆறு செமிகோலன். செமிகோலன் வலது சுண்டுவிரலில் விழ வேண்டிய எழுத்து. பத்து விரலில் சோம்பேறி விரல் அதுதான் என்பார். ஆறு தடவை அதை எழுப்பிவிட வேறு எந்தப் பத்தியாலும் முடியாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பதினாலு வருஷம், தினம் ஆறு பேட்ச், அத்தனை பேரும் அதையே அடித்தோம். பொருள் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. தாளின் அடியில் மெஷின் நம்பரும் மாணவர் நம்பரும் போட்டு சார் மேஜையில் வைப்போம். அவர் தப்புகளைச் சிவப்பில் சுழித்துத் தருவார், அவ்வளவுதான்.

அடித்து முடித்த தாள்கள் மாதம் ஒரு கட்டாகக் காமுவிடம் போய்விடும். காமு ஸ்டேஷன் மேம்பாலத்துப் படியடியில் வேர்க்கடலை விற்பவள். ஆக, தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் கடலை தின்ற ஜனங்கள் அத்தனை பேர் கையிலும் வருஷக்கணக்காகப் பத்தொன்பதாவது ஷரத்து இருந்தது. தின்றுவிட்டு ஜன்னல் வழியாக எறிந்தார்கள்.

1975 ஜூனில் எமர்ஜென்சி வந்தது. எங்களுக்கு அது வடக்கே நடக்கிற சமாசாரமாக இருந்தது. இங்கே வேறு கட்சி ஆட்சி, நமக்கென்ன என்று இருந்தோம். பத்திரிகைகளில் சுவாரசியம் குறைந்தது, ரயில்கள் நேரத்துக்கு வந்தன. நேரத்துக்கு வருகிறது பார்த்தாயா என்று பூரித்துப்போனவர்களில் முதல் ஆள் தோத்தாத்ரி. துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் தெருதான். வேலை இல்லாவிட்டாலும் பழக்க தோஷத்தில் தினமும் ரயிலேறி ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். இந்த ஜனங்களுக்குச் சவுக்குதான் சரி என்பது அவருடைய சித்தாந்தம். சவுக்கு தன் முதுகைத் தொடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

1976 ஜனவரி கடைசியில் இங்கேயும் ஆட்சியைக் கலைத்தார்கள். மறுநாளே ஜீப்புகள் வந்தன. தெருவுக்கு ஒருவர், இருவர் என்று கட்சிக்காரர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். எங்கே, எதற்கு என்று கேட்கக்கூடாது. விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டம், மிசா என்று ஒரு சொல் போதும். பாட்சா பாய் கடையில் காற்றடிக்க வந்தவர்கள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே வாரத்தில் ஊருக்கே வாய் அடைத்துவிட்டது. யாரும் அடைக்க வேண்டியிருக்கவில்லை, நாங்களே அடைத்துக்கொண்டோம்.

அந்த வாரத்தில்தான் தோத்தாத்ரி பொட்டலத்தைப் படித்தார். மூன்று நாள் தொடர்ந்து கடலை வாங்கியிருக்கிறார், மூன்று நாளும் தாளில் ஒரே வாசகம். கூடுவதற்கு உரிமை உண்டு, சங்கம் அமைக்க உரிமை உண்டு. இது கடலை அல்ல, சதி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த மூன்றாவது பொட்டலத்துக் கடலையைத் தின்று முடித்துவிட்டுத்தான் தாளை மடித்துப் போலீசில் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று பின்னால் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

போலீஸ் காமுவின் கூடையிலிருந்து நாற்பது தாள்களை அள்ளியது. பிறகு வட்டாரத்தில் இருந்த டைப்ரைட்டிங் வகுப்புகளில் எல்லாம் மெஷினுக்கு ஒரு தாள் என்று மாதிரி அடித்து வாங்கியது. எங்கள் நாலாம் நம்பர் மெஷினில் சிறிய ஆர் எழுத்து மற்ற எழுத்துகளுக்குக் கீழே சற்று இறங்கி விழும். அது போதுமானதாக இருந்தது.

காலை எட்டு மணி பேட்ச் நடக்கும்போது இன்ஸ்பெக்டர் மாடியேறி வந்தார். தட்டும் சத்தம் நின்றது. சார் அப்போது உள்ளே ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் என் முன்னால் ஒரு தாளை நீட்டி, இது இங்கே அடித்ததா என்று கேட்டார். இறங்கி விழுந்த ஆரைப் பார்த்தேன். அடியில் மாணவர் நம்பரையும் பார்த்தேன்.

"தெரியல சார்" என்றேன்.

பயம்தான், வேறென்ன? வெளியே வந்த வில்பிரட் சார் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம மெஷின்தான் சார், ஹையர் ஸ்பீடு பாசேஜ்" என்றார், பரீட்சை அதிகாரிக்குப் பதில் சொல்வதுபோல. இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாத்தியார் ஆமாம் என்கிறார், ஐந்து வருஷமாக அங்கே இருக்கிற டீச்சர் தெரியாது என்கிறாள். ஏதோ இருக்கிறது என்று எந்தப் போலீஸ்காரனுக்கும் தோன்றும். மறைக்க எதுவுமே இல்லாத இடத்தில் ஒன்றை மறைத்து, இல்லாத சதியை நான் உண்டாக்கிக் கொடுத்தேன்.

மாணவர் நம்பருக்குரிய பெயர்கள் வேண்டும், அட்மிஷன் ரிஜிஸ்டரைக் கொடு என்றார் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன் என்று சார் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் மாதிரித்தாள் கேட்டு வந்த அன்றே அதை அவருடைய மனைவி ஞானஜோதி அக்கா வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தார். சார்தான் போடச் சொல்லியிருக்கிறார். ஏப்ரலில் பரீட்சை, பெயரில் போலீஸ் குறிப்பு ஏறினால் பிள்ளைகளுக்குச் சர்க்கார் வேலை கிடைக்காது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அடுப்புச் சாம்பலைக் காட்டி அதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். அங்கேயே ஜீப்பில் ஏற்றினார்கள்.

மிசா ஆர்டர் கையெழுத்தாக மூன்று நாளாகும் என்று ஸ்டேஷன் ரைட்டர் அக்காவிடம் இரக்கப்பட்டுச் சொன்னார். அதற்குள் ஒரு கெஜட்டட் ஆபீசர், இவை டைப்ரைட்டிங் பயிற்சித் தாள்கள்தான், இந்தப் பத்தியை நானும் அங்கே அடித்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிட வழியிருக்கிறது. வேண்டியது அந்த ஒரு வரிதான்.

குரோம்பேட்டை ராஜாராமன் எங்கள் பழைய மாணவர். ப்ரமோஷனுக்கு ஹையர் தேவைப்பட்டு, ஆபீஸ் போவதற்கு முன்னால் வந்து படித்தவர். பரீட்சைக்கு முந்தைய மாதம் அவருக்காக சார் காலை ஐந்தரைக்கே கதவைத் திறந்து வைத்தார். இப்போது அவர் கெஜட்டட். அக்காவும் நானும் முதல் நாளே போனோம். வாசலிலேயே நிறுத்தினார். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டார், கண்கூடக் கலங்கினார் என்றுதான் நினைக்கிறேன்.

"அம்மா, சார் எனக்குத் தெய்வம் மாதிரி. ஆனா எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. நான் அங்க படிச்சதையே தயவுபண்ணி வெளிய சொல்லிடாதீங்க."

தெய்வத்தை யாராலும் சிறையில் போட முடியாது என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டாம் நாள் இன்னும் நாலு வீடு ஏறி இறங்கினோம். எங்கும் மோர் கொடுத்தார்கள். கையெழுத்து கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நான் தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். அன்றைக்குப் பயத்தில் சொல்லிவிட்டேன், அது எங்கள் பயிற்சித் தாள்தான் என்று சொல்லப் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே காமுவின் குரல் கேட்டது. யாரும் கூப்பிடாமல் அவளாக வந்து, அது தான் மாதாமாதம் வாங்கி மடிக்கிற பேப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு அறை விழுந்த சத்தமும் கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"இன்னா டீச்சரம்மா, வெளியவே நின்னுகினு கீற? கடலை மடிக்கிற பேப்பருனு சொல்ல எனக்கே வாய் கீது. அதுல அடிச்சவ நீ, உனக்கு இல்லியா?"

நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அன்று சாயங்காலம் ஆர்டர் கையெழுத்தானது.

அந்த வருஷ ரிஜிஸ்டரில் இருந்த முப்பத்தொரு பேரும் வேறு வகுப்புகள் மூலமாகப் பரீட்சை எழுதினார்கள். இருபத்தாறு பேர் பாஸ். அதில் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சர்க்கார் வேலையும் கிடைத்தது. ஒருவர்கூட அக்காவைப் பார்க்க வரவில்லை. தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள் என்று வாய் நிறையத் திட்ட ஆசையாக இருக்கிறது. என்னை விட்டுவிட்டுத் திட்ட முடியவில்லை.

பன்னிரண்டு மாதம் கழித்து, தேர்தல் அறிவித்த பிறகு சாரை விட்டார்கள். பூட்டிக் கிடந்த மாடியைத் திறந்து அவரே பெருக்கினார். நான் போய் நின்றபோது, வா என்றார், அவ்வளவுதான். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மார்ச்சில் வடக்கே ஜனங்கள் ஆட்சியைத் தூக்கி எறிந்தார்கள். இங்கே தாம்பரத்தில் வரிசையில் நின்று, எங்களை வாயடைக்க வைத்தவர்களின் கூட்டணிக்கே அள்ளிக் கொடுத்தோம். தோத்தாத்ரி எனக்கு முன்னால்தான் நின்றிருந்தார், விரலில் மையோடு சிரித்துக்கொண்டு போனார்.

போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததைச் சார் ஒரே ஒரு தடவை அக்காவிடமும் என்னிடமும் சொன்னார். எதற்காக இந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்தாய், யார் சொல்லிக் கொடுத்தது என்று இன்ஸ்பெக்டர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். செமிகோலனுக்காக சார், விரலுக்குப் பயிற்சி என்று இவரும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

"எந்த விரல்? காட்டு" என்றாராம் இன்ஸ்பெக்டர்.

சார் மேஜைமேல் கையை வைத்துக் காட்டியிருக்கிறார். வாத்தியார் அல்லவா, கேட்டால் காட்டத்தானே செய்வார். லத்தியின் பூண் போட்ட முனையால் மூன்று அடி.

ஜூனில் வகுப்பு மறுபடி தொடங்கியது. இரண்டாவது வாரம் ராஜாராமன் மாடியேறி வந்தார், கூடவே எஸ்.எஸ்.எல்.சி. முடித்த அவருடைய பெண். அபிதகுஜாம்பாள் என்று பெயர். தாம்பரத்தில் சாரைப்போல் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று ராஜாராமன் தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இந்த மனுஷரைத் தெரியாது என்று சொல்லி அனுப்புங்கள் சார் என்று அவர் காதுபடவே சொன்னேன். தெரியாது என்ற சொல்லை எந்த முகத்தோடு சொன்னேனோ, சொன்ன பிறகுதான் உறைத்தது.

சார் புது ரிஜிஸ்டரை எடுத்துப் பெயரை எழுதினார். பேனாவை மூன்று விரலில் பிடித்து, மெதுவாக எழுதினார். பெண்ணை நாலாம் நம்பர் மெஷினில் உட்காரவைத்தார். ராஜாராமன் போகாமல் கதவருகே நின்றார். முதல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான், நடு வரிசை எழுத்துகள். இடது கை நாலு விரலுக்கும் காட்டினார். அந்தப் பெண் சூட்டிகையாகப் பிடித்துக்கொண்டு தட்டினாள். வலது கைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"செமிகோலனுக்கு எந்த விரல் சார்?"

சார் வலது கையைத் தூக்கினார். சுண்டுவிரல் நடுக்கணுவில் வளைந்து, பக்கத்து விரலின் மேல் ஒட்டிக் கிடந்தது. அதை இடது கையால் பிரித்து எடுத்து அவளுக்குக் காட்டினார். ராஜாராமன் அதைப் பார்த்தார். பார்த்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், எங்களில் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

"இந்த விரல்மா" என்றார் சார். "அமலராணி, இவளுக்கு நீ அடிச்சுக் காட்டு."

நான் போய் என் சுண்டுவிரலை வைத்தேன். ஒரு தழும்பு இல்லாமல் நேராக இருந்தது.