இட்லி கிரைண்டரில் தோட்டாக் கூடுகள்

முப்பத்திரண்டு பேருக்கு இட்லியில் விஷம் வைத்துவிட்டேன் என்று நான்கு நாட்கள் மனதார நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் வளைகாப்பு இட்லியில். அதற்கு முந்தைய வாரம் இதைவிட முட்டாள்தனமான ஒன்றை நம்பியிருந்தேன்: எந்தப் பாத்திரமானாலும் மூன்று தண்ணீர் விட்டு அலசினால் சுத்தமாகிவிடும் என்று. அந்த நம்பிக்கை பெற்ற பிள்ளைதான் இது.

கடல் தாண்டி வந்து நாங்கள் குடியேறிய ரிச்சர்ட்சனில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மையாருக்கு. வாரம் முழுக்க ஊர்ப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு, வார இறுதியில் அமைதி தேடித் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போவார். ஒருமுறை என்னையும் ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்கு, கூட்டிப் போனார். முதல் சத்தத்துக்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுட்டது அவர்கூட இல்லை, நாலு தடுப்பு தள்ளி வேறு யாரோ. அன்றைக்கு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டானது. சுடுவது அவர், கீழே விழுகிற காலிக் கூடுகளைப் பொறுக்குவது நான்.

கூடு என்பது தோட்டாவின் பித்தளை உறை. குண்டு முன்னால் பறந்துவிடும், கூடு பக்கவாட்டில் தெறித்து விழும். அதை யாரும் எறிவதில்லை. அதன் அடியில், நாம் சின்ன வயதில் வெடித்த பொட்டு வெடி மாதிரி ஒரு வில்லை இருக்கும். வெடித்து முடிந்த அந்த வில்லையைக் குத்தி எடுத்து, கூட்டின் கரி போகக் கழுவி மெருகேற்றி, புது வில்லை, புது வெடிமருந்து, புதுக் குண்டு வைத்தால் மறுபடி தோட்டா தயார். மருந்து, குண்டு வேலையெல்லாம் அவருடையது. கழுவி மெருகேற்றுவதற்கு அவரிடம் உருளும் டிரம் ஒன்று இருந்தது.

அந்த டிரம்மின் மோட்டார் கருகிப் போன அதே வாரம் பேருந்துப் படியில் சறுக்கி அவருக்கு இடது மணிக்கட்டும் முறிந்தது. இரண்டு வாரத்தில் போட்டி, சுடுவதற்கு வலது கை போதும் என்றார். மாவுக்கட்டுக் கையோடு வேலியருகே நின்று, ஒரு பக்கெட் அழுக்குக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கு உதவுவதில் எனக்கு ஒரு வேகம் உண்டு. என்னிடம் டிரம் இருக்கிறது, இதைவிடப் பெரியது, நான் செய்து தருகிறேன் என்று பக்கெட்டை வாங்கிக்கொண்டேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெளியில் வைத்துச் செய்யுங்கள் என்று ஏதோ சொன்னார். கைக்கு அழுக்காகும் என்பதால் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை எனக்கு வீட்டிலிருந்தே வேலை. கேமராவை அணைத்துவிட்டு இரண்டு மீட்டிங்குகளில் உட்கார்ந்து, அவர் கொடுத்த கைக்கருவியால் வில்லைகளை ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். பட்டாணி உரிப்பது மாதிரி சுகமான வேலை. விழுந்த வில்லைகளை ஓர் எவர்சில்வர் டம்ளரில் சேர்த்தேன். எது கையில் கிடைத்ததோ அது.

மத்தியானம் கராஜுக்குப் போனேன். சத்தம் அதிகம் என்பதால் எங்கள் வீட்டு கிரைண்டர் அங்கேதான் இருக்கிறது. என் மனைவி கோயம்புத்தூர்க்காரி. கிரைண்டர் பிறந்த ஊர் என்ற பெருமை அவள் பேச்சில் வாரம் ஒரு முறையாவது வரும். ரிச்சர்ட்சனில் பாதிப் பேர் கடை மாவு வாங்குவது அவளைப் பொறுத்தவரை ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சி.

கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன். டிரம்முக்குள் கூடுகளைக் கொட்டி, வெந்நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, புளியைக் கரைத்து ஊற்றினேன். பித்தளை என்றால் புளி. இதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர் வேறு. சமையல் குறிப்புகளில் எலுமிச்சை அளவு என்பார்கள். நான் தேங்காய் அளவு போட்டேன்.

சுவிட்சைப் போட்டதும் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம். முக்கால் மணி நேரம் சுற்றியது. அப்புறம் ஒரு கீச்சுக் குரல், கொஞ்சம் ரப்பர் வாசனை, டிரம் தானாகவே நின்றது. போதும் என்று அதுவே முடிவு செய்துகொண்டதாக நினைத்து அணைத்தேன். மேலே கரிய தண்ணீர். அதைச் சாய்த்துவிட்டுப் பார்த்தால் அடியில் பொன்னாக மின்னுகிறது. பழைய துண்டை விரித்து வெயிலில் காயப் போட்டேன். உள்ளே ஈரம் இருந்தால் மருந்து நமத்துவிடும் என்று அவர் சொல்லியிருந்ததால் ஒவ்வொன்றையும் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை இந்த இருபது வருடத்தில் நான் ஒரு முறைகூடத் தேய்த்ததில்லை. அடுத்த வீட்டுப் பித்தளையைத் தேய்த்தது மனைவிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே பயம். அதனால் டிரம்மை மூன்று தண்ணீர் விட்டு அலசி, துடைத்து, கல்லைப் பழையபடி வைத்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனிக்கு எங்கள் வீட்டில் வளைகாப்பு. மனைவியின் தங்கை, பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை தங்காமல் போனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டோம், ஆனால் எல்லோரும் கணக்கு வைத்திருந்தோம். இந்த முறை எட்டாம் மாதம் பிறந்த பிறகுதான் என் மனைவி வளையல் வாங்கவே போனாள்.

சனிக்கிழமை என்னை நாற்காலி எடுக்கவும் வாழையிலை வாங்கவும் விரட்டிவிட்டார்கள். ஞாயிறு காலை முப்பத்திரண்டு பேர். இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. மைத்துனி இரு கையிலும் வளையலோடு ஆறு இட்லி சாப்பிட்டாள். அக்கா கை மாவு யாருக்கும் வராது என்று எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அடக்கம் என்று நினைத்தேன். முதல் தடவை பார்க்கிறேன் என்பதால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

திங்கள் மாலை பக்கெட்டை வேலிக்கு மேலே நீட்டினேன். பக்கத்து வீட்டம்மா ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கொண்டாடினார். எந்த மிஷின் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வில்லைக்குள் ஈயம் இருக்கும், கரியிலும் கழுவின தண்ணீரிலும் அதுதான் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது என்றார். பிறகு மெதுவாக, அதில் இனி சாப்பாட்டுக்கு எதுவும் அரைக்க மாட்டீர்கள்தானே என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவரே படியில் உட்கார்ந்துவிட்டார். தெளிவாகச் சொல்லாதது தன் தப்பு என்றார். அவர் சொல்லித்தான் இருந்தார், நான்தான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபீசில் ஒரு வரி புரோகிராம்கூட எழுதவில்லை. ஈயத்தின் அறிகுறிகளைப் படித்தேன். எரிச்சல், மறதி, தலைவலி, எதிலும் நாட்டமின்மை. எங்கள் டீம் மொத்தத்துக்கும் இருக்கிறது, எனக்குப் பதினைந்து வருடமாக இருக்கிறது. ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்த வம்சம் நாம் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். அது வெள்ளீயம், இது காரீயம் என்று தேடியதில் அந்த ஆறுதலும் போனது. அடுத்த வரியில், கருவில் இருக்கும் குழந்தைக்குத்தான் அதிக ஆபத்து என்று இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு என்னைப் பற்றிய நகைச்சுவை எதுவும் தோன்றவில்லை.

மைத்துனிக்கு போன் செய்து குழந்தை அசைகிறதா என்று கேட்டேன். மத்தியானம் கேட்டேன். சாயங்காலமும் கேட்டேன். "எங்கம்மாகூட இத்தன தடவ கேக்கலீங்க மாமா," என்றாள்.

புதன்கிழமை விஷ முறிவு ஆலோசனை எண்ணுக்கு அழைத்து, என் நண்பன் ஒருவன் இப்படிச் செய்துவிட்டான் என்றேன். எடுத்த நர்ஸ் உங்கள் நண்பர் சாப்பிட்டாரா என்று கேட்டார். ஐந்து இட்லி என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். கர்ப்பிணி உடனே தன் டாக்டரிடம் சொல்லட்டும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மறைப்பதுதான் தப்பு என்றார்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மைத்துனி வீட்டுக்குப் போனேன். என் மனைவி ஏற்கெனவே அங்கே இருந்தாள், தங்கைக்குக் கீரை ஆய்ந்துகொண்டு. அவளிடம் தனியாக முதலில் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். உள்ளே நுழைந்ததும் மைத்துனி சோபாவில் இருந்து எழ முயன்றாள், நான் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பக்கெட், புளி, கிரைண்டர், ஈயம், ஆறு இட்லி. நாளைக்கே டெஸ்ட் எடுத்துவிடு, நான் கூட்டிப் போகிறேன் என்றேன்.

மைத்துனியின் கை வயிற்றுக்குப் போனது. "மாமா, என்ன சொல்றீங்க," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

என் மனைவி கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன், தகுதியும் இருந்தது. அவள் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அது நம்ம மாவு இல்ல சாமி. கடை மாவு."

மைத்துனி அவள் பக்கம் திரும்பினாள்.

"சனிக்கிழமை அரிசியப் போட்டு சுவிட்ச் போட்டேன். மோட்டார் உறுமுது, டிரம் சுத்தல. ரொம்பப் போட்டு நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். இவருகிட்டச் சொன்னா வருஷம் பூரா கிண்டல் பண்ணுவாரு. நீ வேற எல்லார்கிட்டயும் அக்கா மாவு, அக்கா மாவுன்னு சொல்லி வச்சிருக்கற. ஸ்டோருக்குப் போயி பன்னெண்டு டப்பா வாங்கிட்டு வந்தேன். டப்பாவெல்லாம் கார் டிக்கியில இருக்கு, வந்து பாரு."

மைத்துனி அவளையே பார்த்தாள். "அக்கா, நெசமாவா?"

"உம்மேல சத்தியமா கடை மாவு."

ஒரு கோயம்புத்தூர்க்காரி அந்த வார்த்தையைச் சொல்ல என்ன விலை கொடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். மைத்துனி முதலில் அழுதாள். பிறகு, பன்னிரண்டு டப்பாவா என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் குழந்தை உதைத்ததோ என்னவோ, வயிற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன், ரேஞ்சில் உட்கார்ந்த மாதிரியே.

டிக்கியில் டப்பாக்கள் இருந்தன, எண்ணிப் பார்த்தேன். டிரம்மில் கொட்டி மறுபடி அள்ளிய அரிசி ஃப்ரீசரில் பையில் கட்டி இருந்தது. அதையும் அந்த எவர்சில்வர் டம்ளரையும் அன்றைக்கே குப்பையில் போட்டோம். கிரைண்டர் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கட்டுப் பிரித்த கையால் பக்கத்து வீட்டம்மா அதற்குப் புது பெல்ட் மாட்டி, சாப்பாட்டுக்கு அல்ல என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்.

வளைகாப்புக்கு முந்தைய புதன்கிழமை மத்தியானமே பித்தளையின் பாரம் தாங்காமல் கிரைண்டரின் பெல்ட் அறுந்தது. அதற்குப் பிறகு அதில் ஒரு பிடி அரிசிகூட அரைபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு பேரும் சாப்பிட்டது கடை மாவு.