ஆற்றின் மேல் நடந்தவர்

யுத்தக் காலத்தில் என் புருஷன் வேலை செய்த கப்பலை ஜெர்மன்காரர் பிடித்து, ஆட்களைத் தங்கள் நாட்டின் வடக்கே ஒரு முகாமில் அடைத்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு கடிதம் வந்தது. இடத்தின் பெயர்மேல் தணிக்கைக்காரன் மை பூசியிருந்தான். மிச்சமெல்லாம் ஒரு ஆற்றைப் பற்றித்தான். சுகமா, சாப்பாடு உண்டா என்று ஒரு சொல் இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தவளுக்கு ஆறு எதற்கு?

கடலோடி அல்லவா, தோணி விடப் போகிறவர் மாதிரி அதை அளந்திருந்தார். சின்ன ஆறு, இரண்டு வள்ளம் ஒட்டிப் போகலாம். கடல் ஏறினால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். இரு கரையிலும் மண் அணை; அணைக்கு அப்பால் வயல்கள் ஆற்றைவிடப் பள்ளம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "இப்ப ஒரு மாதமாய் ஆத்துக்கு மேலாலதான் நடந்துபோய் விறகு கொண்டு வாறம். கீழ தண்ணி ஓடுது."

கோடையில் எங்கள் அருவியாற்றிலும் நடக்கலாம். ஆனால் அது மணலில். தண்ணீரின் மேல் நடந்தவர் ஆண்டவர் ஒருவர்தான் என்றார் மாமி, அவரைப் பெற்றவர். மகனுக்கு விசர் பிடித்துவிட்டது, புத்தி கலங்கிவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார், மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். எனக்கும் வேறென்ன தெரியும்? நானும் அழுதேன்.

மறுநாள் கடிதத்தோடு பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனேன். அவருடைய தேசப்படத்தில் பெரிய ஆறுகள்தான் இருந்தன. என் புருஷன் எழுதிய ஆறு ஒரு கோடாகக்கூட இல்லை. கடைசி வரியை வாசித்ததும் வாத்தியார் சிரித்துவிட்டார். அங்கே குளிர்காலத்தில் ஆற்றின் மேற்பரப்பு ஐஸாய் இறுகிவிடும், வண்டில்கூட ஓட்டலாம் என்றார்.

"விசர் ஒண்டுமில்லை, பிள்ளை. தெளிவாய்த்தான் எழுதியிருக்கிறார்."

வழியெல்லாம் ஓடி வந்து மாமியிடம் சொன்னேன். அவருக்கு ஐஸ் தெரியும். தலைமன்னார் துறையில் கப்பலுக்கு ஏற்றியதில் ஒரு துண்டை வாங்கி, கை எரிகிறதென்று உடனே கீழே போட்டவர் அவர். அழுகை நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"போகேக்க அவனுக்கு என்ன உடுப்புக் கட்டிக் குடுத்தனீ?"

இடுப்புக்கு இரண்டு நூல் சாரம், இரண்டு பெனியன். மடித்து வைத்தவள் நான்தான். கடிதத்தின் திகதியைப் பார்த்தேன். தை மாதம் எழுதியது. எங்களுக்கு ஆவணியில் வந்திருக்கிறது. இடையில் என்ன நடந்ததென்று கேட்க ஒரு சனமும் இல்லை.

மாமி கடிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"விசரெண்டே இருந்திருக்கலாம், பிள்ளை."

நானும் அதைத்தான் நினைத்தேன்.