மரப்பெட்டி மால்ட்டும் என் மகளின் சீரும்

புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் மதுக்கடையில் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை ஒன்று உண்டு. அங்கே மால்ட் விஸ்கி மட்டும்தான். மஞ்சள் விளக்கு, மரப்பெட்டி, உள்ளே வெல்வெட் மெத்தை. பாட்டிலை எடுத்துக் காட்ட நான் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். "கடலோரக் கிடங்குல வருஷக்கணக்கா ஊறினது சார், உப்புக் காத்து வாசனை வரும்" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். உப்புக் காற்றுக்குக் காசு கொடுக்கிற ஆட்களைப் பார்த்தால் வயிறு எரியும். ஆனாலும் சிரித்த முகமாய்ச் சொல்வேன். அந்தச் சம்பளத்தில்தான் என் மகள் நர்ஸிங் படித்தாள்.

வெளியே கவுண்டரில் குவார்ட்டர் வாங்குகிறவன் குடிகாரன். கண்ணாடி அறைக்குள் வருகிறவர் ரசனை உள்ளவர். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள் என்பது அவரவர் பெண்டாட்டிக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் கவுண்டர் வகை. ஈரல் கெட்டே போய்ச் சேர்ந்தார்.

மகளுக்கு நிச்சயம். எங்கள் வாசலில்தான் பந்தல். மாப்பிள்ளை வீடும் உப்பளத்துச் சனம்தான். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: சீர்த் தட்டுகளில் முதலில் போவது கல்லுப்பும் மஞ்சளும். தட்டுகளை நான் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் சித்தப்பா வந்து நின்றார்.

"இன்னாங்க, மால்ட் பாட்டில் ஒண்ணும் காணோமே? இப்பல்லாம் மரப்பொட்டியோட அதத்தான் முன்னாடி வெக்கிறாங்க. கௌரவமா இருக்கும். நீங்க வேற அந்தக் கடையிலயே இருக்கீங்க."

"அது வராதுங்க."

"விக்கிறப்ப இனிக்குது, குடுக்கிறப்ப கசக்குதா?"

சுருக்கென்றது. மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிக்கும். சம்பந்தம் முறிந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"விக்கிறதாலதாங்க சொல்றேன். அந்த மவுசெல்லாம் பொட்டிக்கும் வெல்வெட்டுக்கும்தான். உள்ள இருக்கிறது எங்கூட்டுக்காரர் குடிச்ச அதே போதைதான். எம்பொண்ணு சீர்ல அது ஏறாது."

"அப்ப நாங்க யோசிக்கணும்" என்றார்.

"யோசிங்க" என்றேன். உப்புத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா, அதுவரை வாயே திறக்காத மனுஷி, எழுந்து வந்தாள். கொழுந்தனைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அவங்களாண்ட கேக்குறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? உங்கண்ணன் அதக் குடிச்சிட்டு வந்தா, ராத்திரி கூட இருக்கப் போறது நானா, நீயா?"

சித்தப்பா ஒதுங்கி வழிவிட்டார். அவள் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.

"வாங்க சம்பந்தி, நேரம் ஆவுது" என்று சபை நடுவுக்கு எனக்கு முன்னால் நடந்தாள்.